இயற்பியல் பாடவேளை

எங்கள் அரசுப் பள்ளிக்கு இயற்பியல் ஆசிரியர் கடைசிவரை வரவே இல்லை. அந்தப் பாடவேளையில் நானும் முத்துப்பேச்சியும் நாவல் மரத்தடியில்தான் கிடப்போம். யார் நாக்கு அதிக ஊதா என்று மாறி மாறி நீட்டிப் பார்த்துச் சிரிப்போம்.

பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன், பள்ளியில் நடத்தாத பாடங்களை மூளையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பாடம் ஏற வேண்டுமானால் அந்தப் பாடவேளையின் நினைவு அழிய வேண்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்களுக்கு ஆசிரியர் இருந்தார். நான் பயந்து, பல்கலைக்கழகமே வேண்டாமென்று திரும்பிவிட்டேன். பேச்சி ஏற்றிக்கொண்டாள்.

நேற்று அவள் விடுமுறைக்கு வந்தாள். கிண்ணம் நிறைய நாவல் பழத்தோடு ஓடினேன்.

"நல்லாருக்கே! எங்கட்டி பறிச்ச?"

"நம்ம பள்ளிக்கூடத்து மரம்லாட்டி! தெனமும் தின்னோமே!"

"நாமளா?"

தின்றபடியே அவளும் பழைய கதைக்குப் போனாள். "நம்ம பிசிக்ஸ் சார் எவ்வளவு அழகா நடத்துவாரு! இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்காரு. எப்படிட்டி இருக்காரு?"

வராத மனிதரைப் பற்றி என்ன சொல்ல?

"நல்லாருக்காரு."

"பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு," என்று சிரித்தாள். அவள் நாக்குதான் அதிக ஊதாவாக இருந்தது.