குரலும் மிச்சமும்

“இந்த மனிசனுக்கு நான் பாடத் தொடங்கினாத்தான் வாய் திறக்கும்!”

யசோதினி ஹெட்போனைக் கழற்றி மெத்தையில் எறிந்தாள். அவள் போட்ட சத்தத்தில், மதிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஓணான் செங்கலடிச் சந்திவரை ஓடிப் பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டதாகக் கேள்வி.

“ஆருக்கு?” என்றான் புருசன் ரதீஸ், கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்காமல்.

“ஆருக்கா? மதிலுக்கு அங்கால இரிக்கிற நிஸ்தார் நானாவுக்குத்தான். நாள் முழுக்க ஜன்னலுக்கு அலுமினியம் வெட்டுறாரே, அதைக்கூட நான் பொறுப்பன். நான் மைக்குக்கு முன்னால வந்த உடனே மெஷினை நிப்பாட்டிப்போட்டு, கூட்டம் கூடிக் கதைச்சுச் சிரிக்கிறாங்க. என்ட பாட்டு அவங்களுக்குப் பகிடியாப் போச்சு.”

அந்தச் சிரிப்பு ரதீஸுக்கும்தான் கேட்டிருந்தது.

விசயம் சின்னதில்லை. பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற யசோதினிக்கு லண்டன் தமிழ் வானொலி ஒன்றில் இருந்து பதில் வந்திருந்தது. ‘உங்கள் குரல் மிக நன்று. ஆனால் பின்னால் ஆட்கள் கதைக்கிறார்கள். வியாழன் ஐந்து மணிக்குள் சுத்தமான பதிவு வந்தால் புதுக்குரல் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்வோம்.’

இன்றைக்கு வியாழன். மணி இரண்டு.

வீட்டில் இருந்த சொப்ட்வெயார் பழசு. சத்தத்தை உரிக்கச் சொன்னால், அவள் குரலின் தோலையும் சேர்த்து உரித்துவிடும். தண்ணித் தொட்டிக்குள் இருந்து பாடுகிறமாதிரிக் கேட்கும். புது வேர்ஷன் வந்திருந்தது. அதன் விலையைப் பார்த்த அன்று ரதீஸுக்குச் சோறு இறங்கவில்லை.

“அந்தக் காசுக்கு மதிலை நாலு வரி உயர்த்திப்போடலாம் புள்ள.”

“மதிலை உயர்த்தினா வாய் நிக்குமா? கலியாணத்துக்கு முன்னுக்கு, ‘நீ பாடினா நான் சோறு தண்ணி இல்லாமக் கேப்பன்’ எண்டீங்க. இப்ப விலை பார்க்கிறீங்க.”

ஏழு நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம் என்றிருந்த பொத்தானை ரதீஸ் அமத்தினான்.

காலையில் பதிந்த பாட்டை உள்ளே போட்டான். புது வேர்ஷன் அதை இரண்டாகப் பிரித்து வைத்தது. மேலே ‘குரல்’. கீழே ‘மிச்சம்’.

மேலே தட்டினான். யசோதினி தன் குரலைக் கேட்டாள். விடியற்காலையில் கிணற்றில் அள்ளின தண்ணிமாதிரி, அவ்வளவு துப்புரவு.

“வாங்கத்தான் வேணும்போல,” என்றான் ரதீஸ், வழக்கில் தோற்றவன் மாதிரி.

“பொறுங்க. கீழ இரிக்கிறதையும் போடுங்க. என்னைப் பற்றி என்ன கதைக்கிறாங்க எண்டு கேட்டுப்போட்டு, மதிலுக்கு மேலால நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு ஆறும்.”

ரதீஸ் ‘மிச்சம்’ தட்டினான்.

முதலில் அலுமினியம் அறுபடும் சத்தம். பல்லுக் கூசியது. அதற்கு மேலால் நிஸ்தார் நானாவின் குரல்.

“நிப்பாட்டு, நிப்பாட்டு! தங்கச்சி தொண்டையைச் செருமிட்டா!”

மெஷின் நின்றது.

“என்ன நானா, வேலை நிண்டுட்டு? எனக்கு ஜன்னல் இண்டைக்கு வேணுமே?” இது யாரோ வாடிக்கைக்காரன்.

“கரண்ட் போயிட்டு மச்சான். பத்து நிமிசம் இரிங்க.”

“மேல பேன் சுத்துதே?”

“அது... நேத்தைய கரண்டுல சுத்துது.”

கொல்லென்று ஒரு சிரிப்பு.

“ஷ்! வாயை மூடுங்கடா. நம்மட கதையாலதான் போன பாட்டுப் பழுதாப் போச்சு. அந்தப் புள்ள அங்கால நிண்டு ஏசினது எனக்குக் கேட்டிச்சு. பாட்டு முடியும் மட்டும் இருமல் வந்தாலும் விழுங்குங்க.”

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பாட்டு முடியும்வரை திரையில் ‘மிச்சம்’ கோடு, காற்று அடங்கிய வாவிமாதிரி அசையாமல் கிடந்தது.

யசோதினி ரதீஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பாட்டை அனுப்பிட்டு இதை வாங்கிருங்க,” என்றாள்.

“ஏன் புள்ள? இனி அங்க ஆர் கதைக்கப் போறாங்க?”

“கதைக்கிறதுக்காக இல்ல. மெஷின் சத்தத்தையும் இது எடுத்திரும்தானே? இனி அந்த மனிசன் எனக்காக வேலையை நிப்பாட்டத் தேவையில்ல.”

ரதீஸ் முதல்தரமாக விலையைப் பார்க்காமல் பொத்தானை அமத்தினான்.

பாட்டு ஐந்து மணிக்கு முன்னமே லண்டனுக்குப் போய்விட்டது. யசோதினி மதிலடியில் வாளியைக் கவிழ்த்து வைத்து ஏறி நின்றாள்.

“நானா!”

நிஸ்தார் நானா துடித்துப் பதைத்து எழும்பினார். “சத்தம் வந்திட்டா தங்கச்சி? சத்தியமா இண்டைக்கு ஒருத்தனும்...”

“இல்ல நானா. நீங்க எனக்காகச் செய்யிறதெல்லாம் இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். தெரியாம ஏசிப்போட்டன். இந்த உபகாரத்தை நான் மறக்கமாட்டன். புதுச் சொப்ட்வெயார் எடுத்திட்டம். இனி நான் பாடுற நேரமும் நீங்க மெஷினைப் போடலாம். பாட்டில ஒண்டும் விழாது. ஒரு நிமிசமும் நிப்பாட்டத் தேவையில்ல.”

நிஸ்தார் நானாவின் முகம் வாடிப்போனது. பின்னால் நின்ற வேலையாட்களின் முகமும், காலையில் இருந்தே ஜன்னலுக்குக் காத்திருந்த வாடிக்கைக்காரனின் முகமும் சேர்ந்தே வாடின.

“மெஷினைப் போட்டா, நாங்க எப்படித் தங்கச்சி பாட்டுக் கேக்கிற?”