வாய் திறக்காத வாதம்

“ஈறு ரொம்ப மோசமா இருக்கு. திங்கட்கிழமை வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது,” என்றார் பல் டாக்டர்.

மறைக்கல்வி ஆசிரியருக்குப் பகீரென்றது. கத்தோலிக்க மறையை யாராவது குறை சொன்னால் விடமாட்டார். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைப் பற்றி இந்த இஸ்லாமிய டாக்டரோடு வாதாடியே தொண்டை கட்டிக்கொள்பவர். நாளைக்கு மகளின் கல்யாணம் பேச வருவதோ புராட்டஸ்டண்ட் குடும்பம். பேசாமல் எப்படி?

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

“பாவத்தை நேரா கடவுள்கிட்டயே சொல்லலாமே, நடுவுல பாதர் எதுக்கு?”

ஆசிரியருக்குத் தொண்டைவரை பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார்.

“எனக்குக் கடவுளே வேணாம் அங்கிள்,” என்றான் மாப்பிள்ளை.

அதற்கும் ஒரு புன்னகை.

கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சண்டைக்கு வருவீங்கன்னு நினைச்சேன் சம்பந்தி. என்ன பொறுமை! கல்யாணம் உங்க சர்ச்சுலயே நடக்கட்டும்.”

பூரித்துப்போன ஆசிரியர் மனைவியைத் தேடிச் சமையலறைக்குப் போனார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப நன்றி டாக்டர். ஈறுல ஒண்ணுமே இல்லைன்னு அவருக்குச் சந்தேகமே வரல. கல்யாணம் முடியறவரைக்கும் வேற ஏதாவது பல்லுல கோளாறு கண்டுபிடிக்க முடியுமா?”