நாலு மணி நேரம்

சாத்தூர் ஆஸ்பத்திரியில், கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முனியராஜ் திரைக்குப் பின்னாலிருந்து வந்தபோது, ஞானதீபம் சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மருந்து வைத்த இடம் எரிந்தது.

அது மரு என்றார் சிஸ்டர். வாரம் ஒரு தடவை மருந்து வைத்தால் உதிர்ந்துவிடும். ஆனால் கிருமி உடம்பில் தங்கியிருக்கும், மறுபடி முளைக்கவும் முளைக்கலாம். உடலுறவு வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவது. அதனால் மனைவியையும் பார்க்க வேண்டும்.

சிலருக்கு வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்குமாம். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை முனியராஜ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம்.

பாண்டிச்செல்வி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சூட்டுக் கட்டி என்று சொல்லித்தான் மனைவியைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தான்.

தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினாள்.

“ரொம்ப எரியுதா?”

அதற்குப் பிறகு அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்ட வருவதற்கு முன், லாரியில் நாசிக்குக்கு லோடு ஏற்றிப் போனதைச் சொன்னான். லோடு இறங்கக் காத்துக் கிடந்த இடத்தில் ஒரு பெண்ணிடம் போனதைச் சொன்னான். ஒரே தடவைதான் என்றான். கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு தடவை என்று திருத்தினான். உனக்கும் வந்திருக்கலாம் என்றான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். எல்லார் முன்னாலும் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

அவள் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகினாள்.

“இருங்க. நானும் காட்டிட்டு வாரேன்.”

உள்ளே போனவளுக்காக அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு சிஸ்டர் அவனையும் கூப்பிட்டார்.

பாண்டிச்செல்வி மேசையோரமாக நின்றாள். அவளுக்கும் இரண்டு மரு இருந்ததாம். மருந்து வைத்தாயிற்று. கர்ப்பப்பை வாயையும் சோதித்தாயிற்று, அங்கே பயப்பட ஒன்றுமில்லை.

சீட்டில் எழுதிக்கொண்டே, “வீட்டுக்குப் போனதும்...” என்று சிஸ்டர் ஆரம்பித்தார்.

“நாலு மணி நேரங் கழிச்சு சோப்புப் போட்டுக் கழுவிரணும்,” என்றாள் பாண்டிச்செல்வி, தரையைப் பார்த்தபடி. “அடுத்த திங்கக்கெழம வரணும்.”

சிஸ்டர் நிமிரவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

அதை சிஸ்டர் அவனிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. முனியராஜுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் இங்கே முன்பே வந்திருக்கிறாள். தனியாக. அவன் கொடுத்ததை அவனுக்கே தெரியாமல் ஆற்றிக்கொண்டு, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள்.

போன தீபாவளி சீசனில் மூன்று திங்கட்கிழமை, பல் வலிக்கிறது என்று, அவளும் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் அரைநாள் லீவு போட்டாள். ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் பல் ஒரு கேடா என்று அவன் சத்தம் போட்டான்.

அந்த மூன்று சாயங்காலமும், ஏழாயிரம்பண்ணைக் கம்பெனியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் அவன் வேனில்தான் சாத்தூரில் ஏறினாள். சீட்டு காலியாக இருந்தது. அவள் உட்காரவில்லை. கூரை இடிக்காமல் குனிந்து, கம்பியைப் பிடித்தபடி ஊர் வரைக்கும் நின்றே வந்தாள்.

கடைசித் திங்கட்கிழமை அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்.

“பல்லு வலிச்சா உக்காரதுக்கு என்னளா?”

வேன் முழுக்கச் சிரித்தது.

அவளும் சிரித்தாள்.