ஆறு ஜோடிக் கம்பளிச் செருப்பு

ரஷ்யத் துறைமுக நகரமான கிரான்ஷ்டாட்டின் அந்த ஓவியக்கூடத்தில், வாசல் அலமாரியிலிருக்கும் கம்பளிச் செருப்பைக் காலணிக்கு மேலே மாட்டிக்கொண்டுதான் யாரும் உள்ளே நடக்கலாம். தரை அவ்வளவு பழையது. அன்று காலை காவலாளி கிளாஃபிரா பவ்லோவ்னா கதவைத் திறந்தாள். சுவரில் மாட்டியிருந்த கடற்புயல் ஓவியத்தின் கீழிருந்து வாசல்வரை ஈர வெறுங்கால் தடங்கள்.

ஓவியக்கூட இயக்குநர் கத்தினார். "துணியைப் பிழியாம துடைச்சீங்களா? இருநூறு வருஷத் தரைங்க இது!"

"என் வாளித் தண்ணி உப்புக் கரிக்குமா, வாதிம் கெர்மானவிச்? தொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க!"

"வயசாயிட்டா வீட்டுல கிடக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அவள் பல்லைக் கடித்தபடி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். முறிந்த பாய்மரத்தில் ஏழு மாலுமிகள் தொற்றிக்கொண்டிருப்பார்கள். இருபது வருஷமாகப் பார்க்கிறாள். இப்போது ஆறு பேர்தான் இருந்தார்கள்.

மாலையில் பூட்டும்முன் ஆறு ஜோடிச் செருப்புகளைக் கொண்டுவந்து படத்தின் கீழே எறிந்தாள்.

"வர்றதுன்னா இதை மாட்டிக்கிட்டு வந்து தொலைங்கடா! திட்டு வாங்குறது நானு!"

மறுநாள் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆறு ஜோடியும் வாசல் அலமாரியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன, நனைந்து கனத்து. படத்தில் வெறும் பாய்மரம் அலையில் ஆடிக்கொண்டிருந்தது.