இடப்பக்கக் கதவு

ஜீப்பில் இன்னும் ஓர் ஆள் ஏறவேண்டும். ஆள் நிறையாமல் நெல்லிவாசல்நாட்டு ஜீப் அடிவாரத்தை விட்டுக் கிளம்பாது.

முன் சீட்டில் அன்பரசி புத்தகத்தை மடியில் விரித்தாள். மலைமேல் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பவள்.

“இதான் கடைசி புக்குங்க. இனிமே அச்சடிக்க மாட்டாங்களாம். எல்லாம் நெட்லயே பாத்துக்கணுமாம்.”

டிரைவர் ஆதிநாராயணன் ஸ்டியரிங்கில் இருந்த தூசியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

வீடியோ கேம் பற்றிய ஆங்கில மாத இதழ் அது. அவள் தம்பி சந்தா கட்டியது. அவன் வேலை கிடைத்து ஓசூர் போன பிறகும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஏரிக்கு அடியில் ஓர் அரண்மனை. அதற்குள் நுழைந்தவன் எப்படி வெளியே வருவது என்று, ஒரே விளையாட்டுக்கு மாதம் ஒரு பகுதியாக வழி போட்டார்கள். புத்தகத்துப் படத்தை அவனும் பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் அவள் பின் சீட்டிலிருந்து முன்னால் வந்தாள்.

அவள் படித்துத் தமிழில் சொல்லுவாள். எந்தப் பக்கம் போவது என்று கேட்பாள். ஆதிநாராயணன் பதில் சொல்லுவான்.

எப்போதும் தப்பாகத்தான் சொல்லுவான். பாம்புக்குழி இருக்கும் பக்கம். கூரை இடிந்து விழும் பக்கம்.

“செத்துட்டீங்க” என்று சிரிப்பாள் அன்பரசி. அந்த மாதப் பகுதியை முதலிலிருந்து தொடங்குவாள். ஒரு புத்தகம் அடுத்த புத்தகம் வரும்வரை தாங்கும்.

“வண்டிய இப்டி வுட்றாதடா சாமி. வூட்ல ஆட்டக் கட்டிப்போட்டுட்டு வந்துருக்கேன்” என்பாள் பின்னாலிருந்து சின்னக்குழந்தைப் பாட்டி. கடுக்காய் விற்றுவிட்டுத் திரும்புகிறவள்.

இனி புத்தகம் இல்லை. இல்லையென்றால் அன்பரசி எதற்கு முன் சீட்டில் உட்காரப்போகிறாள்? பின்னால் பெண்களோடு உட்கார்ந்து போவாள். உட்காருங்கள் என்று அவனாகக் கூப்பிடவும் முடியாது.

“கடைசி ரூமுக்கு வந்துட்டீங்க. மூணு கதவு இருக்குது. எது எங்க போவுதுன்னு இதுல போடல, நெட்ல பாருங்கன்னு முடிச்சிட்டாங்க. நான் வூட்டுக்குப் போய்ட்டு பாத்துர்றேன். பழைய புக்கெல்லாம் எடைக்குப் போட்டுடணும், அலமாரியே அடைச்சிக்குது. சொல்லுங்க, எந்தக் கதவு?”

மூட்டையோடு ஓர் ஆள் ஓடிவந்து பின்னால் தொற்றினார். ஜீப் நிறைந்துவிட்டது.

ஆதிநாராயணன் வழக்கம்போலச் சட்டென்று சொல்லவில்லை. படத்தை எட்டிப் பார்த்தான்.

“லெப்ட்டு.”

“செத்தான்” என்றாள் சின்னக்குழந்தை.

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“யோசிச்சுத்தாங்க சொல்றேன். எங்க போவுதுன்னு பாத்துட்டு, அப்பறமா புக்க எடைக்குப் போடுங்க.”

சாவியைத் திருப்பினான். வண்டி முதல் வளைவில் ஏறியது.

போன மழைக்கு மண் சரிந்து ஜீப் ஓடாத நாட்களில், அவன் அந்த விளையாட்டைத் தன் செல்போனில் இறக்கி, முழுக்க ஆடி முடித்திருந்தான்.

வலப்பக்கக் கதவு ஏரிக்கரைக்குப் போகும். நடுக்கதவு புதையலுக்கு.

இடப்பக்கக் கதவைத் திறந்தால், முதல் புத்தகத்தில் படம் போட்டிருந்த அந்த முதல் அறை.