முப்பது எண்ணும் வரை

ஐந்தரைக்கு எழுந்து ஸ்டெபின் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். தலையை வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தான்.

அணைந்து கிடந்த மின்விசிறி அவன் கண்ணுக்குச் சுற்றியது. அது நிற்கும்வரை கண்ணை மூடாமல் கிடந்தான். எழுந்தான். மறுபக்கம் சாய்ந்தான். ஐந்து முறை.

பிறகு கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை அதில் நிறுத்தி, தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டினான். கடைசியாக, தரை ஓடுகளின் கோட்டில் குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி அடுப்படி வரை நடந்தான். சுவரைத் தொடவில்லை.

தொண்ணூற்று இரண்டாவது நாள். ஒரு நாளும் விட்டதில்லை.

கடுங்காப்பி குடித்துவிட்டு திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனான்.

பி.காம். படித்தும் அவனுக்குப் பிடித்த வேலை கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பதுதான். போன மாசியில் காது வலிக்க வலிக்க ஆழத்துக்கு இறங்கினான். அன்று பிடித்தது தலைசுற்றல். தினமும் பயிற்சி செய்தால் குறையும் என்றார் டாக்டர். அப்போது அவன் கேட்கவில்லை. இப்போது செய்கிறான், குறைந்திருக்கிறது.

குளிப்பவனின் இடுப்புக் கயிற்றை மேலே இருந்து மச்சான்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கரையின் வழக்கம் அது. தங்கச்சியின் தாலியை நினைத்தாவது கண்ணயராமல் இருப்பான். ஸ்டெபினுக்குப் பிடித்து வந்தவன் அவன் மனைவி விஜிலாவின் அண்ணன் செபாஸ்டின். வேறு யார் கையை நம்பியும் ஸ்டெபின் தண்ணீரில் இறங்கியதில்லை. இறங்கவும் மாட்டான்.

ஸ்டெபின் கயிற்றோடு செபாஸ்டினிடம் போவதைப் பார்த்து, வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த அற்புதமணி தலை தூக்கினான்.

“ஏலே செபாஸ்டின், ஒந் தங்கச்சி செத்துப் போயி மூணு மாசமாச்சி. இனி யார் தாலிக்குலே கயிறு பிடிக்கப் போற?”

யாரும் சிரிக்கவில்லை.

செபாஸ்டின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. “வள்ளத்துல ஏறு மச்சான். காலுக்கு முன்னால கால ஒட்டி வச்சி, கண்ண மூடி நில்லு. முப்பது எண்ணுதேன். விழாம நின்னா பிடிக்கேன்.”

ஸ்டெபின் ஏறி நின்றான். கண்ணை மூடினான்.

ஒன்று.

காலுக்கடியில் பலகை எழுந்து தாழ்ந்தது.

ஒன்பது வரை சுலபம். பதினான்கில் ஒரு விசைப்படகு கடந்து போகும் சத்தம் கேட்டது. அதன் அலை வந்து இடித்தது. கையை விரித்தான். பாதத்தை நகர்த்தவில்லை.

இருபதுக்குப் பிறகு எண்கள் தாமதமாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவன் விழுவதற்கு இடம் விட்டு எண்ணினான் செபாஸ்டின்.

இருபத்தேழு. நெற்றி வியர்வை கண்ணிமையில் இறங்கியது.

இருபத்தெட்டுக்குக் காத்திருந்தான். வந்தது.

முப்பது.

ஸ்டெபின் கண்ணைத் திறந்தான். கரை சுற்றாமல் நின்றது. கயிற்றின் நுனியை எடுத்து நீட்டினான்.

செபாஸ்டின் வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் விஜிலாவின் பக்கத்தில் இருந்தவன் அவன்தான். ஸ்டெபின் அப்போது மருந்து வாங்கும் வரிசையில் நின்றான். செபமாலை சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனும் அவன்தான்.

“செபமெல்லாம் சொல்லல மச்சான்,” என்றான். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னான்.

“அண்ணே, இனிமே அவுகளுக்கு நீ கயிறு பிடிக்காத. நீ பிடிச்சா எறங்கிருவாக.”