எல்லை மரத்துக் கைதி

"கையை விடுடா பரங்கிப் பயலே! நீ என் கைதி!"

"நீதான்டி என் கைதி. முதல்ல இந்தத் துணியை அவிழ்!"

"அவிழ்க்கறதுக்கா இப்படி முடிச்சுப் போட்டேன்?"

உச்சி வெயில். ஷம்ஸா தன் தலைத்துணியால் எவ்ராரின் வலது கையை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவன் இடது கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தான். காலையில் குதிரை மேய்க்க வந்த இடத்தில் ஆரம்பித்த சண்டை இது. இருவர் தலையிலும் ஒரு வண்டிப் புழுதி இருந்தது.

பனியாஸ் போகும் சாலையில் அந்தக் கருவாலி மரம்தான் எல்லை. மேற்கே சிலுவைப்போர்ப் பரங்கியர், கிழக்கே முஸ்லிம்கள். எத்தனை வருஷம் யுத்தம் நடந்தாலும் மரத்தின் சட்டத்தை மட்டும் இரண்டு பக்கமும் மீறியதில்லை. எதிரி மண்ணில் ஒரு சாண் தள்ளி நின்று அகப்பட்டால், பிடித்தவருக்குக் கைதி. விடுவதும் வைத்துக்கொள்வதும் பிடித்தவர் இஷ்டம். ராஜாவானாலும் சுல்தானானாலும் மூக்கை நுழைக்க முடியாது. சொந்த மண்ணில் நிற்பவரை யாரும் தொடக்கூடாது. சந்தேகம் வந்தால் நடுவர் வந்து அளக்கவேண்டும். அதுவரை இருவரும் நின்ற இடத்தைவிட்டுக் காலை எடுக்கக்கூடாது.

செய்தி பறந்து, மேற்கே முப்பது வீரர்களோடு எவ்ராரின் தாய் மாதில்த் சீமாட்டி வந்து நின்றாள். கிழக்கே முப்பது வில்லாளிகளோடு ஷம்ஸாவின் தகப்பன், எல்லைக்காவல் தளபதி நஜ்முத்தீன். ஆளுக்கு ஒரே பிள்ளை. இருவர் முகத்திலும் ரத்தமே இல்லை.

"என் மகன் எங்க மண்ணுலதான் நிக்கிறான். உங்க கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்றாள் சீமாட்டி.

"என் மக எங்க மண்ணுல நிக்கிறா. வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். டமாஸ்கஸ்லேர்ந்து மாப்பிள்ளை வர்றாரு!"

"ஏற்கெனவே மூணு பொண்டாட்டி இருக்கே, அந்த மாப்பிள்ளையா?"

"உன் மகனுக்கு நீ பார்த்திருக்கிற விதவைக்கு உன் வயசு இருக்குமாமே?"

இரண்டு பக்கத்து வீரர்களும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

"பயப்படாதேம்மா ஷம்ஸா!"

"நான் ஏன் வாப்பா பயப்படணும்? இவன் மூஞ்சிக்கு ஆட்டுக்குட்டிகூடப் பயப்படாது."

"இவ நாக்கை அளக்க எந்தக் கயிறும் பத்தாதும்மா" என்றான் எவ்ரார்.

கயிறோடு கழுதையில் வந்து இறங்கினார் நடுவர் யாகூப். அவருடைய ஊர், விளைச்சல் வரியில் பாதியை இந்தக் கோட்டைக்கும் பாதியை அந்தக் கோட்டைக்கும் கொடுக்கும் ஊர். அதனால் அவர் சொல்லை இரண்டு பக்கத்தாரும் நம்பினார்கள்.

எல்லைக் குறியாக மரத்தில் போட்டிருந்த கோடரி வெட்டில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினார். மறுமுனையைத் தெற்கே இருந்த எல்லைக்கல் வரை இழுத்தார். முழங்கால் உயரப் புல்லை அழுத்திக்கொண்டு கயிறு அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தது. யாகூப் மண்டியிட்டுச் சாண் வைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

ஷம்ஸா முடிச்சை இன்னொரு தடவை இழுத்துவிட்டாள். எவ்ரார் பிடியை இன்னும் இறுக்கினான்.

"சீமாட்டி, உங்க மகன் கயித்துக்குக் கிழக்கே ஒரு சாண் தள்ளி நிக்கிறாரு. ஷம்ஸாவோட கைதி."

கிழக்கே வெற்றி முழக்கம் வானைப் பிளந்தது.

"பொறுங்கய்யா! தளபதி, உங்க மக மேற்கே ஒரு சாண் தள்ளி நிக்கிறா. எவ்ராரோட கைதி."

மேற்கே எழுந்த முழக்கம் பாதியிலேயே நின்றது. கட்டிப் புரண்டதில் இருவரும் இடம் மாறியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

நஜ்முத்தீனுக்கு மூச்சு வந்தது. "அப்ப சரியாப் போச்சு. ஒருத்தரை ஒருத்தர் விட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போகட்டும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் சீமாட்டி. அவர்கள் ஒத்துப்போனது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"பிடிச்சவங்க வாயால சொல்லணும்" என்றார் யாகூப். "மகளே, இவரை விடுறியா?"

"மாட்டேன்."

"தம்பி, நீங்க?"

"உயிர் போனாலும் விடமாட்டேன்."

"ஷம்ஸா! வாப்பா சொல்றதைக் கேளு!"

"சட்டம்னு ஒண்ணு இருக்கே வாப்பா."

தளபதி பல்லைக் கடித்தார். இன்று இந்தச் சட்டத்தை மீறினால் நாளை ஒரு குடியானவன்கூட எல்லை ஓரம் ஏர் பூட்ட முடியாது. சீமாட்டிக்கும் அது தெரியும்.

"கைதிங்க ரெண்டு பேரும் என் ஊருக்கு வரட்டும். பாதி உங்க ஊர், பாதி அவங்க ஊர். வேற வழியில்லை" என்று யாகூப் தீர்ப்புச் சொன்னார்.

வில்லும் ஈட்டியும் தாழ்ந்தன. கட்டிய கையும் பிடித்த கையுமாக இருவரும் அறுபது வீரர்களுக்கு நடுவே தலை நிமிர்ந்து நடந்துபோனார்கள்.

யாகூப் கயிற்றைச் சுருட்டக் குனிந்தார். அவர்கள் நின்ற இரண்டு இடத்தில் மட்டும் புல் அடியோடு தேய்ந்து மண் வழுவழுத்துக் கிடந்தது. இன்று ஷம்ஸா நின்ற மேற்கு மண்ணில் ஓர் ஆண் செருப்பின் பழைய பள்ளம்; எவ்ரார் நின்ற கிழக்கு மண்ணில் ஒரு பெண் செருப்பின் பழைய பள்ளம்.

வருஷம் முழுக்க அவரவர் மண்ணில் எதிரெதிரே நின்று பேசியவர்கள், இன்று இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.